ஏணியும் உளியும்

தொழில் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏணி உண்டு. கட்டட வேலைக்குச் செல்லும் இளைஞன் முதலில் சித்தாள், கல்லும் கலவையும் சுமந்து பழகியபின் கரணை பிடிக்கிறான், கொத்தனார் ஆகிறான். நாலைந்து கொத்தனார்களை வைத்து வேலை வாங்கும் திறம் வந்ததும் மேஸ்திரி என்று பெயர் பெறுகிறான். பள்ளியில் ஆசிரியர் தலைமையாசிரியர் ஆகிறார். மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளர் ஆகிறார். திருச்சபையிலும் திருத்தொண்டர், குரு, ஆயர் என மூன்று நிலைகள் உள்ளன. படிகள் இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு கேள்வியும் உடன் இருக்கிறது. மேலே ஏறுகிறவன் தான் கற்ற கைத்திறனைத் தன்னோடு கொண்டுபோகிறானா, அடிப்படியிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போகிறானா?

இக்கேள்வியை இன்று மிகக் கூர்மையாக எதிர்கொள்வோர் மென்பொருள் பொறியாளர்கள். அதிலும் குறிப்பாக, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து 'சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்னும் நிலையை அடைந்தவர்கள். பங்குத்தந்தை ஒருவர் இதுபற்றி எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் வியக்கலாம். பழைய மாமல்லபுரம் சாலை என்று மக்கள் இன்றும் அழைக்கும் ராஜீவ் காந்தி சாலைக்கு அருகே நாம் பணியாற்றும் பங்கில், ஞாயிறு மாலைத் திருப்பலிக்கு வருவோரில் பாதிப்பேர் இத்தொழிலைச் சேர்ந்தவர்கள். வீடு மந்திரிக்கச் சென்றாலும், அன்பியக் கூட்டத்தில் அமர்ந்தாலும், ஒப்புரவு அருள்சாதனத்திற்கு முன் சற்றுநேரம் மனம்விட்டுப் பேசினாலும், அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றே: "அடுத்து என்ன, ஃபாதர்?" இறைமக்கள் கேட்கும் கேள்வி இறையியலின் கேள்வி அன்றோ?

பெயரற்ற தொழில்

இத்தொழிலின் வயது மிகக் குறைவு. நெதர்லாந்து நாட்டில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் அறிஞர் இருந்தார். இயற்பியல் படிக்கச் சென்றவர். கணினிக்குக் கட்டளை எழுதுவதில் ஈடுபாடு கொண்டு அதையே வாழ்வாக்கிக் கொண்டார். 1957-இல் திருமணம் செய்துகொள்ளச் சென்றபோது, தொழில் என்ற இடத்தில் 'புரோகிராமர்' என்று எழுதினார். அப்படி ஒரு தொழிலே இல்லை என்று ஆம்ஸ்டர்டாம் நகர அலுவலர்கள் ஏற்க மறுத்தனர். இறுதியில் 'கோட்பாட்டு இயற்பியலர்' என்றே பதிவு செய்ய வேண்டியதாயிற்று. 1972-இல் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் அவரே இதை நினைவுகூர்ந்தார். இன்று இலட்சக்கணக்கான நம் பிள்ளைகளுக்குச் சோறு போடும் தொழிலுக்கு, எழுபது ஆண்டுகளுக்கு முன் பதிவேட்டில் எழுத ஒரு சொல்கூட இல்லை!

'மென்பொருள் பொறியியல்' என்ற பெயர் பரவலானது 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த மாநாட்டிற்குப் பின்னரே. அதே காலத்தில் அமெரிக்காவில் மார்கரெட் ஹாமில்டன் என்னும் பெண்மணி, நிலவுக்குச் செல்லும் அப்பல்லோ விண்கலத்தின் கணினிக்கு மென்பொருள் எழுதும் குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்தார். பாலம் கட்டுவோருக்கும் எந்திரம் செய்வோருக்கும் உள்ள மதிப்பு தம் வேலைக்கும் வேண்டும் என்பதற்காகவே, அவரும் 'பொறியியல்' என்ற சொல்லை விடாது வழங்கினார். 1969 ஜூலை 20 அன்று, நிலவில் இறங்கச் சில நிமிடங்களே இருக்கையில், கலத்தின் சிறிய கணினி சுமை தாங்காமல் எச்சரிக்கை எழுப்பியது. முக்கியமற்ற வேலைகளை உதறிவிட்டு, இறங்குவதற்கு இன்றியமையாதவற்றை மட்டும் தொடரும்படி அதன் மென்பொருள் முன்னரே அமைக்கப்பட்டிருந்தது. கலம் பத்திரமாக இறங்கியது. எது முதன்மை, எது துறக்கத்தக்கது என்று அமைதியான நாளிலேயே தீர்மானித்து வைப்பவரே மூத்த பொறியாளர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆன்ம வாழ்வுக்கும் இது பொருந்தும் என்று விளக்கவும் வேண்டியதில்லை.

நம் திருச்சபைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. மேரி கென்னத் கெல்லர் என்னும் துறவற சகோதரி 1965-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணினியியலில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்க நாட்டில் இப்பட்டம் பெற்ற முதல் இருவருள் அவர் ஒருவர். பெருநிறுவனங்களை நாடிச் செல்லாமல், அயோவா மாநிலத்தில் தம் சபையினர் நடத்திய கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி, இருபது ஆண்டுகள் அதை நடத்தினார். அவர் ஏறிய ஏணி எங்கே போயிற்று? வகுப்பறைக்குப் போயிற்று. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

மூத்தவர் என்பவர் யார்?

1968-இல் மும்பையில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் தொடங்கப்பட்டபோது, கணினி என்பது நம் நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களிலேயே இருந்தது. 2000-இல் சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அந்த ஒரு தலைமுறைக்குள், உழவர், நெசவாளர், மீனவர், ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் ஆயிரமாயிரமாக இத்தொழிலுக்குள் நுழைந்தனர். கல்லூரியிலேயே கேம்பஸ் இன்டர்வியூ, தேர்வானால் பயிற்சியாளர், பிறகு மென்பொருள் பொறியாளர், நாலைந்து ஆண்டுகளில் பெயருக்கு முன்னால் 'சீனியர்' என்ற சொல் வந்து சேரும். இவ்வளவு தூரம் படிகள் நேராக இருக்கின்றன. ஏறுவதற்கு உழைப்பு போதும்; பெரிய சிந்தனை தேவையில்லை.

ஆனால் காலக்கணக்கில் வரும் பட்டம் வேறு, உண்மையில் மூத்தவர் ஆவது வேறு. இவர்களுடன் பழகிப் பழகி நாம் அறிந்துகொண்டதைச் சொல்கிறோம். இளைய பொறியாளரிடம் ஒரு வேலையைக் கொடுத்தால், அதை எப்படிச் செய்வது என்று கேட்கிறார். மூத்தவரோ அதை ஏன் செய்ய வேண்டும் என்று கேட்கிறார். இளையவருக்குப் புதிதாக எழுதுவதில் இன்பம். மூத்தவர், எழுதியதை நீக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கிறார். வங்கியிலோ இரயில் முன்பதிவிலோ இயங்கும் மென்பொருளில் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிய வரிகள் இன்றும் உயிரோடு இருக்கும். 1959-இல் வடிவமைக்கத் தொடங்கிய கோபால் என்னும் கணினிமொழியில் எழுதியவை இன்னும் பல வங்கிகளில் வேலை செய்கின்றன. அவற்றில் பொருளற்றது போல் தோன்றும் ஒரு வரி, என்றோ ஒருநாள் நேர்ந்த விபத்தைத் தடுக்கப் போட்ட தாழ்ப்பாளாக இருக்கலாம். அதைப் பிடுங்கி எறியுமுன் அதன் கதையைக் கேட்பவரே மூத்தவர்.

நள்ளிரவில் எங்கோ ஒரு கணினி நின்றுபோகிறது. தொலைபேசி மணி ஒலிக்கிறது. விழித்தெழுந்து வரும் மூத்த பொறியாளர் முதலில் குற்றவாளியைத் தேடுவதில்லை, சேவையை மீட்கிறார். பொழுது விடிந்தபின் தவறு எங்கே நிகழ்ந்தது என்று ஆராயும்போதும், யார் செய்தார் என்று கேளாமல், எந்த ஏற்பாடு இதை நிகழவிட்டது என்று கேட்கிறார். பிறர் எழுதியதைப் படித்துத் திருத்தும்போது, பிழையைச் சுட்டுகிறார், பிழைத்தவரை நோகடிப்பதில்லை. இவை வெறும் தொழில்நுட்பமா? திருச்சபை முன்மதி, பொறுமை, தாழ்ச்சி என்று பெயரிட்டுக் கற்பிக்கும் நற்பண்புகள் அல்லவா?

பாதை பிரியும் இடம்

இந்த இடத்தில்தான் ஏணி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மேலாண்மைப் பக்கம் செல்கிறது: டீம் லீடர், மேனேஜர், இயக்குநர் என்று. மற்றொரு கிளை தொழில்நுட்பத்திலேயே மேலே செல்கிறது: ஆர்க்கிடெக்ட், பிரின்சிபல் இன்ஜினியர் என்று. ஏட்டில் இரண்டும் சமம். நடைமுறையிலோ, முதல் கிளையில் பத்துப் படி இருக்கும் நிறுவனங்களில் இரண்டாவதில் மூன்று படிகூட இருப்பதில்லை. சம்பளம், தனியறை, பெண் வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளும் பெருமை எல்லாம் முதல் கிளையோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன.

நம் பங்கைச் சேர்ந்த ஒருவர், நாற்பத்தொரு வயது, இரு பிள்ளைகளின் தந்தை, ஒரு தவக்கால வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்தபின் நம்மைக் காண வந்தார். அவருடைய தந்தை கொத்தனார். அப்பா கட்டிய சுவர்களை இன்றும் பெருமையோடு காட்டுபவர். "ஃபாதர், மேனேஜராகச் சொல்கிறார்கள். ஒரு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக் கடன் இருக்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்றால் இனி நான் ஒரு வரிகூட எழுதப் போவதில்லை. கூட்டம், கணக்கு, அப்ரைசல் இவைதான். எனக்கு அதில் மனமில்லை. அம்மாவோ, 'கடைசி வரைக்கும் தட்டச்சு அடிச்சிக்கிட்டே இருக்கப் போறியா?'ன்னு கேக்குறாங்க" என்றார்.

"மறுத்தால் என்ன ஆகும், தம்பி?" என்று கேட்டோம்.

"இப்போதைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஐம்பது வயதில் ஆட்குறைப்பு வந்தால், முதல் பட்டியலில் என் பெயர் இருக்கலாம். மேனேஜரானாலும் அந்தப் பட்டியலில் வரலாம். எது பாதுகாப்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை."

அவர் நம்மிடம் கேட்டது தொழில் ஆலோசனை அன்று. அதற்கு நம்மினும் தகுந்தோர் உளர். தம் கையிலுள்ள திறனைக் கடவுள் கொடுத்தாரா, அதைவிட்டு மேலே போவது வளர்ச்சியா, துரோகமா என்பதே அவரது உள்ளத்தில் இருந்த கேள்வி. இதற்குப் பதில் சொல்லத்தான் குருமடத்தில் எட்டு ஆண்டுகள் மெய்யியலும் இறையியலும் பயின்றோம்.

பதவி உயர்வா, பணிமாற்றமா?

ஐபிஎம் நிறுவனத்தில் 1960-களில் சிஸ்டம்/360 என்னும் பெருங்கணினித் திட்டத்தை நடத்தியவர் பிரெடெரிக் புரூக்ஸ். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். 1964-இல் அந்நிறுவனத்தை விட்டு நீங்கி, வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் கணினித் துறையை நிறுவினார். 2022-இல் காலமாகும்வரை அறிஞர் உலகின் பெருமதிப்புக்கு உரியவராய் இருந்தார். திட்ட அனுபவத்தை 1975-இல் ஒரு நூலாக வெளியிட்டார். காலம் தாழ்ந்த மென்பொருள் வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாழும் என்ற கருத்தால் அந்நூல் புகழ்பெற்றது. அதில் பலர் கவனியாது விடும் ஒரு பகுதி உண்டு. நிறுவனத்தில் இரண்டு ஏணிகள் வேண்டும்; இரண்டிலும் ஒத்த படிகளுக்கு ஒத்த ஊதியம், ஒத்த மதிப்பு வேண்டும் என்கிறார். அதோடு நிற்கவில்லை. தொழில்நுட்ப ஏணியிலிருந்து மேலாண்மை ஏணியின் அதே படிக்கு ஒருவரை மாற்றும்போது ஊதியத்தை உயர்த்தக் கூடாது. அதைப் பதவி உயர்வு என்று அறிவிக்கவும் கூடாது. பணிமாற்றம் என்றே சொல்ல வேண்டும். மாறாக, மேலாண்மையிலிருந்து தொழில்நுட்பத்திற்குத் திரும்புகிறவருக்கு ஊதியத்தை உயர்த்த வேண்டும். உலகத்தார் மதிப்பீடு ஒரு பக்கமே சாய்வதால், அதைச் சரிசெய்ய இவ்வாறு மறுபக்கம் அழுத்த வேண்டும் என்பது அவர் கருத்து.

இதைப் படித்தபோது நமக்குப் புனித பெரிய கிரகோரியார் நினைவுக்கு வந்தார். உரோமை நகரின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் அவர்; அதைத் துறந்து துறவியானார். 590-இல் அவரைத் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுத்தபோது, இழந்த மடத்து அமைதியை எண்ணி வருந்தினார். தம் மேய்ப்புப்பணி நூலில் அவர் இருசாராரைக் கண்டிக்கிறார். தகுதியின்றி, பெருமைக்காகத் தலைமையை நாடுவோர் ஒருசாரார். தகுதி இருந்தும், தம் அமைதியும் சுகமும் கெடுமே என்று தலைமையை மறுப்போர் மறுசாரார். மேலே போக ஆசைப்படுவது மட்டும் குற்றமன்று. பிறர்க்குப் பயன்படவேண்டிய வேளையில் தனக்கு இன்பமான மூலையில் ஒளிந்துகொள்வதும் குற்றமே. கேள்வி கேட்க வந்த அன்பரிடம் இந்த இரண்டாம் பகுதியையும் மறைக்காமல் சொன்னோம்.

மறைநூலிலும் இரண்டு ஏணிகள் உள்ளன. விடுதலைப் பயண நூலில், காலைமுதல் மாலைவரை ஒருவராகவே மக்கள் வழக்குகளைக் கேட்டுச் சோர்ந்துபோகும் மோசேயைக் கண்டு மாமனார் இத்திரோ வருந்துகிறார். ஆயிரவர், நூற்றுவர், ஐம்பதின்மர், பதின்மர் என்று தலைவர்களை அமர்த்திப் பொறுப்பைப் பகிரச் சொல்கிறார். மேலாண்மை என்னும் கொடையின் தோற்றுவாயை அங்கே காண்கிறோம். அதே நூலில் சில அதிகாரங்கள் கடந்தால் பெட்சலேல் என்பவர் வருகிறார். பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்யும் கைவினைஞர். ஆண்டவர் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். தம் ஆவியால் நிரப்புகிறார். இறைவாக்கு உரைக்கவோ, படை நடத்தவோ அன்று, கைவேலை செய்ய! இன்னும் சற்றுத் தள்ளி, பிறர்க்குக் கற்பிக்கும் ஆற்றலையும் அவருக்கும் ஒகோலியாபுக்கும் ஆண்டவர் அளித்தார் என்று வாசிக்கிறோம். பெட்சலேல் மோசே ஆகவில்லை. மோசேயும் உளி பிடிக்கவில்லை. ஆயினும் சந்திப்புக் கூடாரம் எழுவதற்கு இருவரும் தேவைப்பட்டனர்.

வள்ளுவரும் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரம் வகுத்து, ஆளையும் வினையையும் பொருத்திப் பார்த்து ஒப்படைப்பதை ஆட்சியின் அறமாக வைத்தார். நல்ல கொத்தனாரை மேஸ்திரியாக்கி, ஒரு நல்ல கொத்தனாரை இழந்து ஒரு சுமாரான மேஸ்திரியைப் பெற்றால், இழப்பு கட்டடத்துக்கே.

ஓர் அறிமுகமற்ற மனிதர்

அவருக்கு என்ன சொன்னோம்? புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளிலிருந்து இரண்டு வழிகளைக் கொடுத்தோம். முதலாவது: நோக்கத்தையும் வழிமுறையையும் தலைகீழாக்காதிருத்தல். பதவியை முதலில் தேர்ந்துவிட்டு, பிறகு அதற்குள் கடவுளுக்கு ஓர் இடம் தேடுவோர் பலர். அது முறையன்று என்கிறார் அவர். எனவே, 'எது உயர்ந்தது' என்று கேளாமல், 'எங்கே நான் அதிகம் பயன்படுவேன், எங்கே அதிகம் அன்பு செய்வேன்' என்று கேட்கும்படி சொன்னோம். இரண்டாவது: முன்பின் அறியாத ஒரு மனிதர் இதே நிலையில் தம்மிடம் வந்து ஆலோசனை கேட்பதாக எண்ணிக்கொண்டு, அவருக்கு என்ன சொல்லத் தோன்றுகிறதோ அதைத் தாமே கடைப்பிடித்தல்.

அடுத்த வாரம் வந்தார். "அந்த மனிதரிடம், 'வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பிறகு உங்கள் கைக்கு எது வருமோ அதைச் செய்யுங்கள்' என்று சொன்னேன், ஃபாதர்" என்று சிரித்தார். அவருடைய மனைவி ஒரு பள்ளி ஆசிரியை. இருவரும் வரவு செலவை எழுதிப் பார்த்தார்கள். புதிய வீட்டுக்கு மாறும் எண்ணத்தைத் தள்ளிவைத்தார்கள். அவர் தொழில்நுட்பப் பாதையிலேயே இருக்க முடிவு செய்தார். ஆனால் ஒரு நிபந்தனையுடன். புதிதாகச் சேரும் நான்கு பேரைத் தம்மிடம் ஒப்படைக்கும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் தாய்க்கு இன்றும் மனக்குறைதான். அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை.

அதே அன்பியத்தில் மற்றொருவர் மேலாளர் பொறுப்பை ஏற்றார். அவருக்கு அதுவே அழைத்தல் என்று எண்ணுகிறோம். பேறுகாலம் முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்களுக்கு நேர ஒழுங்கு செய்துகொடுப்பதும், புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் காத்திருப்போரை நாள்தோறும் அழைத்துப் பேசுவதும் அவருக்குச் சுமையாகத் தெரியவில்லை. திருத்தூதர் பணிகள் நூலில், பந்தியில் பரிமாறும் பணிக்காக எழுவரைத் தேர்ந்தபோது நற்பெயரும் ஞானமும் தூய ஆவியும் நிறைந்தோரையே தேடினர். நிர்வாகம் இரண்டாந்தரப் பணியாக அங்கே கருதப்படவில்லை. சிமெண்டு மூட்டைக் கணக்கும் கல்லறைத் தோட்டப் பதிவேடும் பார்க்கும் பங்குத்தந்தையர் அனைவருக்கும் இது ஆறுதல் தரும் பகுதி!

ஏணி சரியும்போது

மூன்றாம் ஒருவரைப் பற்றியும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை அரைகுறையாகிவிடும். நாற்பத்தேழு வயதில் அவர் வேலையை இழந்தார். திறமைக் குறைவால் அன்று. ஒரு பிரிவையே மூடிவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து, தம் தங்கை குழந்தைக்கு ஞானத்தந்தையாக நின்றார். திருமுழுக்குப் பதிவேட்டில் விவரங்களை எழுதும்போது பழக்கத்தில் "தொழில்?" என்று கேட்டோம். அவர் வாய் திறக்கவில்லை. அருகில் நின்ற அவர் மனைவிதான் "இன்ஜினியர்னு எழுதுங்க ஃபாதர்" என்றார். 1957-இல் ஆம்ஸ்டர்டாமில் தொழில் இருந்தும் சொல் இல்லை. இங்கே சொல் இருந்தும் தொழில் இல்லை. அப்படியே எழுதினோம். கையில் அடையாள அட்டை இல்லாததால் அவர் கற்றது அழிந்துவிடவில்லையே!

2001-இலும் 2008-இலும் உலகப் பொருளாதாரச் சரிவால் இத்துறை ஆட்டம் கண்டது. 2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் சேவை நிறுவனம், நூற்றுக்கு இருவர் வீதம், ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் நடுநிலையிலும் மூத்த நிலையிலும் உள்ளோர் என்றும் கூறியது. 2022 இறுதியில் சாட்ஜிபிடி மக்கள் கைக்கு வந்தபின், கணினியே கணினிக்கான கட்டளையை எழுதுவது அன்றாட நிகழ்ச்சி ஆகிவிட்டது. மூத்தவருக்கு இது உதவியாள் போல. இளையவருக்கோ போட்டியாள் போல. எந்திரம் எழுதியது சரியா என்று தீர்ப்புச் சொல்ல, பல ஆண்டு அனுபவம் வேண்டும். தொடக்க வேலைகளை எல்லாம் எந்திரத்திடம் கொடுத்துவிட்டால், நாளைய மூத்தவர் எங்கே உருவாவார்? குருமடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கு நாற்றங்கால் என்பது பொருள். 1563-இல் திரிதெந்துப் பொதுச்சங்கம் குருமடங்களை ஏற்படுத்தப் பணித்தபோது, திருச்சபை அறிந்துகொண்ட உண்மை அதுதான். நாற்றங்காலை மூடிவிட்டு நடவுக்குக் காத்திருக்க முடியாது.

1891-இல் ஆலைத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்தார் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, அப்பெயரைத் தாம் ஏற்றதற்கான முதன்மைக் காரணமாக அவரையே குறிப்பிட்டார். செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் உழைப்புக்கும் எழுப்பும் புதிய அறைகூவலையும் சுட்டிக்காட்டினார். இவ்விருவருக்கும் இடையே, 1981-இல் புனித இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பு பற்றிய சுற்றுமடலில், வேலையின் மதிப்பை அதன் விளைபொருளில் தேடாமல், அதைச் செய்யும் மனிதரில் தேடும்படி கற்பித்தார். அவரே இளமையில் கல்லுடைக்கும் குழியிலும் இரசாயன ஆலையிலும் உழைத்தவர். வேலை மனிதருக்காக, மனிதர் வேலைக்காக அல்ல என்னும் இப்படிப்பினை, தம் மதிப்பையெல்லாம் ஒரு பட்டத்தின்மேல் ஏற்றிவைத்திருப்போருக்கு மருந்தாகும்.

எனவே பெற்றோரை வேண்டுகிறோம்: உங்கள் மகனோ மகளோ எத்தனை பேருக்கு மேலதிகாரி என்று கேட்பதைச் சற்றே நிறுத்துங்கள், இன்று யாருக்கு என்ன கற்பித்தாய் என்று கேளுங்கள். மூத்த பொறியாளர்களை வேண்டுகிறோம்: கடன் வாங்கி ஏணியின் உயரத்தைக் கூட்டாதீர்கள், இறங்க வேண்டி வந்தாலும் நடக்கத்தக்க அளவில் வாழ்க்கையை அமையுங்கள். உங்களுக்குத் தெரிந்ததை உங்களோடு பூட்டிவைக்காதீர்கள். பங்குகளை வேண்டுகிறோம்: வேலை இழந்தோரைத் துக்கம் விசாரிப்பதோடு நின்றுவிடாமல், மாலைநேரத்தில் நம் பள்ளிகளின் கணினி அறைகளை அவர்களிடம் ஒப்படையுங்கள். அந்த மூன்றாம் அன்பர் இப்போது சிறிய நிறுவனம் ஒன்றில், முன்னிலும் குறைந்த ஊதியத்தில் பணிபுரிகிறார். சனிக்கிழமைகளில் நம் பங்குப் பள்ளியில் பதினான்கு பிள்ளைகளுக்குக் கணினி கற்பிக்கிறார். நாம் அவரை வற்புறுத்தவில்லை, சாவியைத்தான் கொடுத்தோம்.

யாக்கோபு கனவில் கண்ட ஏணியில் வானதூதர் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தார்கள். அதை விளக்கும் புனித ஆசீர்வாதப்பர், செருக்கால் இறங்குகிறோம், தாழ்ச்சியால் ஏறுகிறோம் என்ற பொருள்படத் தம் துறவியருக்குக் கற்பித்தார். ஏணியின் அடியில் உறங்கிய யாக்கோபு எந்தப் படியிலும் ஏறவில்லை. ஆயினும் ஆண்டவர் அவர் அருகிலேயே நின்றார் என்பதை மறவாதிருப்போம். தச்சராய் உழைத்த சூசையப்பர், உழைக்கும் நம் பிள்ளைகள் அனைவருக்காகவும் பரிந்து பேசுவாராக!